கஞ்சி வரிசையில் பேச்சியம்மாள்

இப்போதெல்லாம் ஐந்து முகங்கள் வருகின்றன. கைப்பேசித் திரையில், அழுகிற முகத்தில் தொடங்கி வாய் கொள்ளாமல் சிரிக்கிற முகம் வரைக்கும். பராமரிப்பு இல்லத்திலிருந்து வெளியே வந்து ஊருக்குள் வீடெடுத்துக் குடியிருக்கும் மாற்றுத்திறனாளி ஒருவரிடம் அதை நீட்டினால், தன் மனசுக்கு ஏற்ற முகத்தை அவர் தொட வேண்டும். தொட்டவுடன் அது எங்கோ ஒரு கணினிக்குப் போய்ச் சேர்ந்துவிடுமாம். நான் ஓய்வு பெற்ற பிறகு வந்த ஏற்பாடு. என் இடத்துக்கு வந்திருக்கும் பெண் போன மாதம் கம்பத்தில் என் வீட்டுக்கு வந்து இதைக் காட்டினாள்.

"இது இல்லாம எப்பிடி டீச்சர் கண்டுபிடிச்சீக, அவுக நல்லா இருக்காகளா இல்லையான்னு?" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் காலத்தில் ஒரே ஒரு முகம்தான் இருந்தது. எங்களைப் பார்த்ததும் எல்லோரும் அந்த முகத்தை எடுத்து மாட்டிக்கொள்வார்கள். அதைக் கழற்ற வைப்பதற்குள் எங்களுக்குத் தாவு தீர்ந்துவிடும். அவளிடம் வாயால் சொன்னது பாதிதான். மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் டீச்சர் இல்லை. ஒரு நாளும் வகுப்பில் நின்று பாடம் நடத்தியதில்லை. அத்தாவின் மளிகைக் கடையில் பொட்டலம் மடித்துக்கொண்டிருந்தவள், சிறப்புப் பள்ளி ஒன்றில் ஆயா வேலைக்கு ஆள் கேட்கிறார்கள் என்று போனேன். அங்கிருந்தபடியே பட்டயப் படிப்பு, நடுவில் கல்யாணம், பிள்ளைகள், அப்புறம் ஒரு தொண்டு நிறுவனத்தில் களப்பணி. தலையில் முக்காடு, தோளில் பை, மூக்கில் கண்ணாடி என்று பஸ்ஸை விட்டு இறங்கினால் ஊர் என்னை டீச்சர் என்றது. கொஞ்ச காலம் மறுத்துப் பார்த்தேன். பிறகு பேசாமல் ஏற்றுக்கொண்டேன். நூர்ஜஹான் என்று ஒரு பெயர் எனக்கு இருப்பது என் வீட்டுக்காரருக்கே மறந்து போயிருக்கும்.

நான் கடைசியாகப் பார்த்த வேலைக்குத் தொடர் கண்காணிப்பு என்று பெயர். மதுரைக்கு அப்பால், பெரிய சுற்றுச்சுவருக்குள் ஓர் இல்லம் இருந்தது. அங்கே சிறு வயதிலேயே விடப்பட்டு நரைக்கும் வரை இருந்தவர்களை, மூன்று பேர் நான்கு பேராகத் தேனிப் பக்கத்து ஊர்களில் வாடகை வீடு பிடித்துக் குடிவைத்தோம். வீட்டுக்கு ஓர் உதவியாளர். வந்தவர்கள் சாப்பிடுகிறார்களா, தூங்குகிறார்களா, எதற்காவது பயப்படுகிறார்களா, தெருவில் அவர்களை எப்படி நடத்துகிறார்கள் என்றெல்லாம் மாதா மாதம் போய்ப் பார்த்து எழுத வேண்டியது என் பொறுப்பு. ஒருவருக்கு வெளி வாழ்க்கை சரிப்படவில்லை என்று தோன்றினால் மறு ஆய்வுக் குழு கூடும். அந்தக் குழு முடிவு செய்தால் அவரைத் திரும்பவும் சுற்றுச்சுவருக்குள்ளேயே அனுப்பிவிடலாம். நாங்கள் எழுதுகிற ஒரு வரி ஒருத்தரை வீட்டை விட்டுக் கிளப்பிவிடும் என்கிற பயம் எனக்குக் கடைசி வரை போகவே இல்லை.

எங்கள் ஒருங்கிணைப்பாளர் அருளப்பன் சார். ராயப்பன்பட்டிக்காரர். கோட்டயத்தில் படித்தவர் என்பதால் போதும் என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'மதி' என்பார். சட்டைப் பையில் எப்போதும் கடலை மிட்டாய் இருக்கும். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார், அவ்வளவுதான். சார் கண்ணாடி துடைக்கிறார் என்றால் அலுவலகமே கப்சிப் ஆகிவிடும்.

வேலைக்குச் சேர்ந்த அன்று, வீடுகளுக்குப் போக அலுவலக ஜீப் கிடைக்குமா என்று கேட்டேன். கண்ணாடியைக் கழற்றினார்.

"அந்த இல்லத்துக்குள்ள ஜீப் வந்தா என்ன அர்த்தம்? ஆய்வுக்கு ஆள் வந்தாச்சு. எல்லாரும் எந்திரிச்சு வரிசையா நிக்கணும், கேட்டதுக்குப் பதில் சொல்லணும். நீங்களும் ஜீப்புல போயி எறங்குனா அவுக எந்திரிச்சுத்தான் நிப்பாக. அப்பறம் அது வீடா? பஸ்ல போங்க."

அவர் சொல்லிக் கொடுத்த முறைகள் எல்லாமே இப்படித்தான் இருந்தன. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, வரலாமா என்று கேட்டுவிட்டு நிற்க வேண்டும். உள்ளேயிருந்து வாங்க என்று குரல் வந்தால்தான் நுழையலாம். கூப்பிடவில்லை என்றால் என்ன செய்வது என்று கேட்டேன். "திரும்பி வந்துருங்க. நம்ம வீட்டுக்குள்ள கூப்பிடாம யாராச்சும் நொழஞ்சா விடுவோமா?" என்றார்.

அது எவ்வளவு தூரம் போகும் என்று ஜெயமங்கலத்தில்தான் தெரிந்தது. அங்கே குடிவைத்த அம்மா ஒருத்தர், ஆரம்பத்தில் என்னைக் கண்டாலே எழுந்து நின்று கையைக் கட்டிக்கொள்வார். ஒரு நாள் கம்பத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வேர்த்து விறுவிறுத்துப் போய் வாசலில் நின்றேன். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். "இன்னைக்கு வேணாம். தலைக்கு ஊத்தியிருக்கேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். ஒரு வாய் தண்ணீர்கூட இல்லை. கடுகடுவென்று திரும்பி வந்து நடந்ததை அப்படியே எழுதிக் கொடுத்தேன். அருளப்பன் சார் அதைப் படித்துவிட்டு எனக்கு ஒரு கடலை மிட்டாய் நீட்டினார். தான் வேண்டாம் என்று சொன்னால் ஓர் ஆள் திரும்பிப் போவார் என்று அந்த அம்மாவுக்குத் தெரிந்துவிட்டதே, இதைவிட வேறு என்ன வேண்டும் என்றார். நோன்பு வைக்காத நாளில் பட்டினியாகத் திரும்பியதற்கு எனக்குக் கிடைத்த ஒரே சம்பாவனை அந்த மிட்டாய்தான்.

எழுதுவதற்கும் ஒரு முறை வைத்திருந்தார். 'மகிழ்ச்சியாக இருக்கிறார்' என்று எழுதினால் அடித்துவிடுவார். மகிழ்ச்சியை யார் பார்த்தது என்பார். கண்ணால் கண்டதை மட்டும் எழுத வேண்டும். இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கினாரா, அதை எழுது. பாட்டுச் சத்தத்தைக் கூட்டி வைத்தாரா, அதை எழுது. முக்கியமாக, எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கவே கூடாது. ஏனென்றால் அதற்கு இல்லத்தில் ஒரே பதில்தான் பழக்கியிருந்தார்கள். "நல்லாருக்கேன் சார்." என்னிடமும் சார் என்றுதான் சொன்னார்கள்.

வீரபாண்டியில் ஆண்கள் நால்வர் இருந்த வீடு ஒன்று. குடிவந்த புதிதில் ஒரு நாள் உதவியாளர் கடைக்குப் போயிருந்த நேரம் மழை பிடித்துக்கொண்டது. நால்வரும் வாசலில் நின்று, கொடியில் காய்ந்த தங்கள் துணிகள் நனைவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எடுங்கள் என்று யாரும் சொல்லவில்லை, அதனால் எடுக்கவில்லை. நான் குடையோடு போய்ச் சேர்ந்தபோது துணி சொட்டிக்கொண்டிருந்தது. நால்வரும் ஒரே குரலில் நல்லாருக்கேன் சார் என்றார்கள். அன்று பஸ்ஸில் வரும்போது எனக்கு அழுகையே வந்தது.

அடுத்த சித்திரைத் திருவிழாவில் அதே நால்வரில் இரண்டு பேர், ராட்டினத்தில் யார் முதலில் ஏறுவது என்று நடுத்தெருவில் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். உதவியாளர் பதறிப்போய் அலுவலகத்துக்குப் போன் போட்டார். அருளப்பன் சார் நிதானமாகக் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "யாரு ஜெயிச்சா?"

இதெல்லாம் சிரித்துச் சொல்கிற கதைகள். பேச்சியம்மாள் விஷயத்தில் அப்படிச் சிரிக்க முடியாமல் போனது.

பேச்சியம்மாளுக்கு நாற்பதைத் தாண்டியிருக்கும். நல்ல உயரம், அகலமான கை. அறிவு வளர்ச்சி குறைவு என்று காகிதத்தில் எழுதியிருந்தது. பேச்சும் குறைவுதான். மயிலாடும்பாறைப் பக்கத்துப் பிள்ளை என்று மட்டும் பதிவு இருந்தது. நானும் அங்கே போய்த் தெருத் தெருவாக விசாரித்துப் பார்த்தேன். தெரிந்தவர்கள் என்று யாரும் கிடைக்கவில்லை. உத்தமபாளையத்தில் பள்ளிவாசலுக்குப் பின்தெருவில் ஒரு வீட்டில், செல்வி என்ற பெண்ணோடு அவரைக் குடிவைத்தோம். செல்விக்கு இளம்பிள்ளை வாதம், சக்கர நாற்காலி. கால் நடக்காததற்கும் சேர்த்து வாய் நடக்கும். உதவியாளர் கலா, சின்னமனூர்க்காரி, நல்ல கைப்பக்குவம்.

பேச்சியம்மாளிடம் ஒரு பழக்கம் போகவே இல்லை. சாப்பாட்டு நேரம் வந்தால் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படி வாசலில் போய் நிற்பார். உட்காருங்கள், கொண்டு வந்து தருகிறேன் என்று கலா எத்தனையோ சொல்லிப் பார்த்தாள். நின்று வாங்கினால்தான் சாப்பிடுவார். அதிலும் தனியாக நிற்பது அவருக்குப் பிடிக்கவில்லை. செல்வியின் நாற்காலியை இழுத்து வந்து தனக்குப் பின்னால் நிறுத்துவார்.

"டீச்சர், இவுகளுக்கு ஒரு நல்ல புத்தி சொல்லுங்க" என்று செல்வி என்னிடம் பிராது வைத்தாள். "நானே நிக்க முடியாதவ. என்னையும் வரிசையில நிப்பாட்டுனா நாயமா?"

ஒவ்வொரு மாதமும் நான் எழுதினேன்: சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்கிறார். பஸ் நிறுத்தத்தில் நின்றாலும், முன்பின் தெரியாத ஆள் முதுகுக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொண்டு நிற்பார். அதையும் எழுதினேன். கண்ணால் கண்டதைத்தானே எழுத வேண்டும்.

அந்த வருடம் ரமலான் தொடங்கியது. பள்ளிவாசலின் பக்கவாட்டு வாசலில் மாலை நேரத்தில் நோன்புக் கஞ்சி ஊற்றுவார்கள். எங்கள் பக்கத்தில் அதை வாங்க வருகிறவர்கள் நோன்பாளிகள் மட்டுமல்ல. தெருவில் இருக்கிற எல்லா வீட்டிலிருந்தும் தூக்கு, கிண்ணம் என்று கையில் கிடைத்த ஏனத்தோடு வருவார்கள். பூண்டும் வெந்தயமும் போட்டுக் கொதிக்கிற வாசனை அந்த மாதிரி. பேச்சியம்மாள் ஒரு தூக்குவாளியை எடுத்துக்கொண்டு மாலையானால் காணாமல் போகத் தொடங்கினார். நோன்பு திறக்கிற நேரத்துக்குத்தான் வீடு திரும்புவார்.

அதே தெருவில் யாரோ ஒருவர் எங்கள் அலுவலகத்துக்குப் போன் போட்டுவிட்டார். "உங்க வீட்டுல சோறு போடுறதில்லையா? அந்தம்மா தெனமும் பள்ளிவாசல்ல போயி ஏனத்தோட நிக்குது." புகார் அலுவலகத்தோடு நிற்கவில்லை. குழு வரைக்கும் போனது. ஏற்கெனவே மாதா மாதம் வரிசை, வரிசை என்று நான் எழுதி அனுப்பியது அவர்கள் கையில் இருந்தது. இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தார்கள். இல்லப் பழக்கம் மாறவில்லை, உணவுக்காக வெளியே அலைகிறார், தெருவில் பாதுகாப்பில்லை. மறு ஆய்வு வைத்துவிட்டார்கள். இல்லத்திலிருந்தும் இடம் இருக்கிறது, அனுப்பலாம் என்று பதில் வந்துவிட்டது.

நான் போனபோது கலா அழுதுகொண்டிருந்தாள். "நான் சோறு போடலங்கிறாக டீச்சர். என் கையால வடிச்சுத்தான் தெனமும் போடுறேன். வயிறு நெறையத் தின்னுட்டுத்தான் அங்கன போயி நிக்கிது" என்றாள். பேச்சியம்மாளிடம் ஏன் போகிறீர்கள் என்று கேட்டேன். என் முகத்தைப் பார்த்து, "நல்லாருக்கேன் சார்" என்றார்.

அருளப்பன் சாரிடம் போய்ப் பொரிந்து தள்ளினேன். முழுவதையும் கேட்டுக்கொண்டார். "நீங்க ஒரு நாள் போயிப் பாருங்க. ஒண்ணும் பேச வேணாம். சும்மா பாத்துட்டு வாங்க, மதி" என்றார்.

போனேன். எனக்கும் அன்று நோன்பு. பள்ளிவாசலுக்கு எதிரே ஒரு பூட்டிய கடையின் நிழலில் நின்றுகொண்டேன். வாசலில் பெரிய அண்டா, அதன் பின்னால் நீளக் கரண்டியோடு காசிம் என்று ஒருவர். கஞ்சி காய்ச்சுகிறவரும் அவர்தான், ஊற்றுகிறவரும் அவர்தான். கூட்டம் தெருமுனை வரைக்கும் நின்றது. பேச்சியம்மாளைத் தேடினேன். வரிசையில் அவர் இல்லை. அவருடைய தூக்குவாளி மட்டும் சுவரோரம் தனியாக இருந்தது.

பேச்சியம்மாள் அண்டாவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். ஒவ்வொரு ஆளாகத் தோளைத் தொட்டு முன்னால் விட்டார். வாங்கியவரை மறுபக்கம் ஒதுக்கினார். நெருக்கியடித்த பொடிசுகளை இரண்டு கையாலும் பிரித்து ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினார். நல்ல ஆகிருதியான ஒருவர் மோட்டார் சைக்கிளை நிறுத்தாமலேயே, தலைகளுக்கு மேலாகத் தன் கேனை நீட்டினார். பேச்சியம்மாள் போய் வண்டியின் ஹாண்டிலைப் பிடித்தார். வண்டியையும் ஆளையும் அப்படியே தள்ளிக்கொண்டு போய் வரிசையின் கடைசியில் விட்டுவிட்டுத் திரும்பி வந்தார். அந்த மனிதர் அங்கேயே நின்று தன் முறைக்குக் காத்திருந்து வாங்கிப் போனார். கடைசி ஆளும் போன பிறகுதான் பேச்சியம்மாள் தன் வாளியை எடுத்து நீட்டினார்.

அவர் போன பிறகு காசிமிடம் போனேன். "இவுக தெனமும் வர்றாகளாண்ணே?" என்றேன்.

"வராம? இந்தக்கா வந்ததுக்கப்பறந்தான் நான் கரண்டிய நிதானமாப் புடிக்கிறேன். முன்னெல்லாம் அண்டாவையே கவுத்திப்புடுவாய்ங்க. மேல கஞ்சி பட்டு ரெண்டு புள்ளைகளுக்குக் கை வெந்துபோச்சு" என்றவர், குரலைத் தாழ்த்தி என்னிடமே கேட்டார். "எந்தப் பள்ளிக்கூடத்துல இருந்தாக இவுக? டிரில் டீச்சரா?"

எத்தனையோ பேர் என்னைத் தப்பாக டீச்சர் என்றிருக்கிறார்கள். அன்று பேச்சியம்மாளைப் பற்றி அவர் அப்படிக் கேட்டபோது நான் அடைந்த சந்தோஷம் எனக்கே கிடைத்த பட்டத்தில் ஒரு நாளும் இருந்ததில்லை.

வீட்டுக்குப் போனால், அந்தத் தூக்குவாளி செல்வியின் மடியில் இருந்தது. ரசித்து ரசித்துக் குடித்துக்கொண்டிருந்தாள். இத்தனை நாளாக வாளி அவளுக்காகத்தான் போய் வந்திருக்கிறது. கலா பக்கத்து வீட்டில் மோட்டார் போடப் போகிற நேரம் பார்த்துக் குடித்து முடித்துக் கழுவியும் வைத்துவிடுவார்களாம்.

"இத மொதல்லயே சொல்றதுக்கென்ன செல்வி? கலா அங்கன அழுதுக்கிட்டு இருக்கா."

"சொன்னா நிப்பாட்டிப்புடுவீகன்னு பயந்துட்டேன் டீச்சர்" என்றாள். கஞ்சியை மட்டும் கீழே வைக்கவில்லை.

பார்த்ததையெல்லாம் எழுதிக்கொண்டு போனேன். 'கூட்டத்தை அழகாகச் சமாளிக்கிறார்' என்ற இடத்தில் அழகாக என்பதை அருளப்பன் சார் அடித்துவிட்டுக் குழுவுக்கு அனுப்பினார்.

குழுவின் தலைவர் ஒரு மனநல மருத்துவர். டாக்டர் என்றே சொல்லிவிடுகிறேன். கெட்ட மனிதர் அல்ல. வெளியே அனுப்பப்பட்ட ஒருவர் சாலையில் அடிபட்டு தன் கையிலேயே உயிர் விட்டதைப் பார்த்தவர். தேனி அலுவலகத்தில் எங்களை உட்கார வைத்துப் பேசினார்.

"நீங்க எழுதினத முழுசாப் படிச்சேன். ஆனா ஒண்ணு யோசிங்க. அவங்களுக்கு வரிசையத் தவிர வேற எதுவுமே தெரியாது. இங்க வந்தும் ஒரு வரிசையத் தேடிக் கண்டுபிடிச்சு அங்க போய் நிக்கறாங்க. பழக்கம் வேற, விருப்பம் வேற. இது பழக்கம்னா, பழகின எடத்துலயே பத்திரமா இருக்கட்டுமே. தெருவுல எதுக்கு?"

அவர் கேட்டது நியாயமான கேள்விதான். பேச்சியம்மாள் அங்கே சந்தோஷமாக இருக்கிறார் என்பது எனக்குத் தெரியும். ஆனால் சந்தோஷத்தை யார் பார்த்தது என்று என் மேலதிகாரியே கேட்பாரே. அருளப்பன் சார்தான் பேசினார். "ஒரு நாள் சாயங்காலம் நேர்ல வந்து பாத்துருங்க டாக்டர். ஒரே ஒரு வேண்டுகோள், ஜீப்ப பஸ் ஸ்டாண்டுலயே விட்டுருங்க."

டாக்டர் ஒத்துக்கொண்டார். ஆனால் ஒன்றைச் சொல்லிவிட்டார். போக விருப்பமா என்று பேச்சியம்மாளிடமே கேட்கப் போகிறேன், அவர் சொல்வதை அப்படியே எழுதுவேன் என்றார். யார் எதைக் கேட்டாலும் பேச்சியம்மாளின் வாயில் வருவது இரண்டே பதில்கள்தான். நல்லாருக்கேன் சார். இல்லையென்றால், சரி சார். திரும்பிப் போகிறீர்களா என்று கேட்டு அவர் சரி சார் என்றுவிட்டால் எல்லாம் முடிந்தது. சொல்லிக் கொடுத்து வைக்கலாமா என்றுகூட நினைத்தேன். அருளப்பன் சார் என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துக் கண்ணாடியில் கை வைத்தார். அதோடு அந்த யோசனையை விட்டேன்.

நாளைக்கு டாக்டர் வருகிறார், வீட்டில் இருங்கள் என்று முதல் நாளே பேச்சியம்மாளிடம் சொல்லியிருந்தோம். சரி சார் என்றார். டாக்டரும் அருளப்பன் சாரும் நானும் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து போய் வாசலில் நின்று, வரலாமா என்று கேட்டோம். கலா கையைப் பிசைந்துகொண்டு வந்தாள்.

"இருக்கச் சொல்லி எம்புட்டோ சொன்னேன் டீச்சர். கேக்கல. வாளியத் தூக்கிட்டுக் கெளம்பிருச்சு."

டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சொன்ன சொல் கேட்கவில்லை என்று இன்னொரு வரி அவர் மனசில் ஏறிவிட்டது என்று எனக்குப் பட்டது. உள்ளேயிருந்து செல்வியின் குரல் வந்தது. "கஞ்சி ஊத்துற நேரத்துல வந்துட்டு ஆள் இல்லைன்னா எப்பிடி டாக்டர்? அங்கன போயிப் பாருங்க."

போனோம். அன்று கூட்டம் வழக்கத்தைவிட அதிகம். டாக்டர் பேச்சியம்மாளின் ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வரிசையை ஒட்டியே நடந்து நேராக அண்டாவுக்குப் பக்கத்தில் போய் நின்றார். பேச்சியம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தார். கையைப் பார்த்தார்.

"ஏனம் எங்க?" என்றார்.

"நான் டாக்டர்மா. உங்களப் பாக்கத்தான் வந்தேன்."

"ஏனம் இல்லாம வந்தா எப்பிடி? எடுத்துட்டு வாங்க. கடைசில நில்லுங்க."

வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அங்கே நின்ற ஒரு பெண் தன்னிடம் உபரியாக இருந்த எவர்சில்வர் சம்படத்தை டாக்டரிடம் நீட்டினாள். அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அருளப்பன் சாரைத் திரும்பிப் பார்த்தார். சார் கண்ணாடியைக் கழற்றித் தலையைக் குனிந்து துடைத்துக்கொண்டிருந்தார். அவர் தோள் குலுங்கியது. சிரிப்பை அடக்கவும் அவர் கண்ணாடி துடைப்பார் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

டாக்டர் சம்படத்தை வாங்கிக்கொண்டு வரிசையின் கடைசிக்குப் போனார்.

வரிசை மெதுவாக நகர்ந்தது. நான் எதிர்ப்பக்கம் நின்று, மனசுக்குள் ஓதத் தெரிந்ததையெல்லாம் ஓதிக்கொண்டிருந்தேன். டாக்டருக்கு முன்னால் நின்ற ஒரு பெரியவர் அவரிடம் ஏதோ வம்பளந்துகொண்டே வந்தார். பிள்ளைகள் இடித்தார்கள். பேச்சியம்மாள் வந்து டாக்டரின் தோளைத் தொட்டு ஓரடி உள்ளே தள்ளி நிறுத்திவிட்டுப் போனார். அவருக்குப் பின்னாலும் கூட்டம் சேர்ந்துகொண்டே இருந்தது. கடைசியில் அண்டாவுக்கு முன்னால் வந்தார். நானும் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். காசிம் கஞ்சியை ஊற்றினார். டாக்டர் சூடான சம்படத்தைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"பேச்சியம்மா, முன்னாடி இருந்த எடத்துலயும் வரிசை இருந்துச்சே. அங்க திரும்பிப் போறீங்களா?"

நான் பேச்சியம்மாளின் வாயையே பார்த்தேன்.

பேச்சியம்மாள் டாக்டரைப் பார்த்தார். நின்றிருந்த கூட்டத்தைப் பார்த்தார். அவருக்கு ஒவ்வொரு வார்த்தையும் எங்கிருந்தோ எடுத்து வைப்பது போலத்தான் வரும்.

"அங்கன நாங்க நிப்போம்" என்றார். சற்று நிறுத்தினார். "இங்கன நான் நிக்க வைக்கிறேன். நான் போயிட்டா இவுகள யாரு பாப்பாக?"

சார் என்று சொல்லவில்லை. அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் அதுவரை கேட்டதே இல்லை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது, மறைக்கவும் இல்லை.

டாக்டர் கக்கத்திலிருந்த ஃபைலை உருவி என் கையில் கொடுத்தார். "முடிச்சிருங்க டீச்சர். இவங்க இங்கயே இருக்கட்டும்" என்றார். பேச்சியம்மாளிடம் இன்னும் ஏதோ சொல்ல விரும்பி அவர் பக்கம் திரும்பினார். பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள்.

பேச்சியம்மாள் அவருடைய முழங்கையைப் பிடித்தார். "வாங்கியாச்சுல்ல? நகருங்க."

டாக்டர் நகர்ந்தார்.